ஒரு சாண் உள்ளே

செட்டிகுளம் சாமிதுரையின் மகள் முத்தமிழ் முதன்முதலில் கம்பைத் தொட்டது ஒன்பதாம் வகுப்பில். அதற்கு முன்பு அவள் வெறும் ஓட்டக்காரி. வெங்காயக் காட்டு வரப்பில் ஓடிப் பழகிய கால் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் காட்டுப் பக்கம் போவதே அவளுக்குப் பிடிக்காது. பெரம்பலூரில் பெரிய பள்ளியில் சேர்ந்த பிறகு, உடற்கல்வி ஆசிரியர் பழனிவேல் ஒருநாள் சில பெண்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு, பழைய வீரர் ஒருவர் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போன, கோலூன்றித் தாண்டும் பைபர் கம்பைக் காட்டினார்.

“இதப் பத்தி உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வாலிபால்காரன். சேந்து கத்துக்குவோம். பயமா இருக்குறவங்க இப்பவே கிளாசுக்குப் போயிடலாம்” என்றார்.

பாதிப் பேர் அப்போதே போனார்கள். மீதிப் பேர் அடுத்தடுத்த வாரங்களில் போனார்கள். கடைசியில் நின்றது முத்தமிழும் பூலாம்பாடியிலிருந்து வந்து படித்த வினோதினியும்தான்.

மணல் குழியில் மூங்கிலை ஊன்றித் தொங்கிப் பார்ப்பதில் தொடங்கினார்கள். சார் கைபேசியில் வீடியோவை மெதுவாக ஓடவிடுவார். மூன்று தலையும் முட்டிக்கொள்ள உட்கார்ந்து பார்ப்பார்கள். ஓடிவருகிறவர் கம்பின் நுனியை, பாதைக் கடைசியில் தரைக்குள் பதித்திருக்கும் பெட்டியில் சொருகுகிறார். ஒற்றைக் காலால் தரையை உதைக்கிறார். கம்பு வில்லாக வளைகிறது. தொங்கிக்கொண்டே ஊஞ்சல் போல் முன்னே வந்து, கால்களை வானத்துக்கும் தலையைத் தரைக்குமாகத் திருப்பிக்கொள்கிறார். கம்பு நிமிரும்போது அதோடு மேலே போய், உடம்பைப் புரட்டி, குறுக்குக்கம்பியைத் தாண்டிக் கையை விடுகிறார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். அதைத் துண்டு துண்டாக உடைத்துக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

முத்தமிழிடம் வேகம் இருந்தது. வினோதினிக்கு அந்த வேகம் வராது, ஆனால் தலைகீழாகப் போகிற பதம் அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. இடுப்பைத் தூக்குகிற நேரத்தை முத்தமிழ் அவளைப் பார்த்துக் கற்றாள். கம்பைத் தாழவிடாமல் ஓடுவதை வினோதினி இவளைப் பார்த்துக் கற்றாள். இருவருக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்று என்பதால் அந்த ஒரே கம்பு இருவருக்கும் ஒத்துப்போனது.

இன்னொன்றையும் அவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். கோலூன்றித் தாண்டுகிறவளுக்குத் தன் கால் எங்கே மிதித்தது என்று தெரியாது. கிளம்புகிற நொடியில் கண் மேலே இருக்கும். மேலே பிடித்திருக்கும் கைக்கு நேர் கீழே கால் விழ வேண்டும். பெட்டிக்கு நெருக்கமாக, உள்ளே தள்ளி விழுந்தால், குதிப்பதற்கு முன்பே கம்பு ஆளைச் சுண்டி இழுத்துவிடும். கம்பு நிமிராது; வந்த வழியே திருப்பி வீசும். வெளியே தள்ளி விழுந்தால் கம்புக்கு வேகம் போய்ச் சேராது. ஆகவே பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒருத்தி நின்று, காலை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் சொல்லும் அளவுக்கு ஓட்டம் தொடங்கும் இடத்தை முன்னேயோ பின்னேயோ நகர்த்திக்கொள்ள வேண்டும். முத்தமிழின் காலை வினோதினி பார்த்தாள். வினோதினியின் காலை முத்தமிழ் பார்த்தாள். சாருக்கு அந்தக் கண் வரவில்லை. அவர் பார்வை எப்போதும் குறுக்குக்கம்பிக்கே போய்விடும்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்டில் அது நடந்தது. மாலைப் பயிற்சியில் ஒரு தாவல் முடிந்ததும் வினோதினி கட்டைவிரலைக் காட்டி, “சரியா இருக்கு” என்றாள். முத்தமிழ் அதே இடத்திலிருந்து மறுபடி ஓடினாள். கம்பு பெட்டியில் இறங்கிய மறுகணம் தோள் பிடுங்கிக்கொண்டு போவது போல ஒரு வெட்டு. மேலே போகவில்லை. அந்தரத்தில் நின்று, பின்னால் சரிந்து, பெட்டியின் விளிம்பில் முதுகு அடிபட விழுந்தாள்.

எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் என்றார் டாக்டர். ஆனாலும் சில வாரங்கள் படுக்கை. அம்மா மலர்கொடி எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் அதையே சொன்னாள்.

“முதுகு போச்சுன்னா யாருடி பாப்பா? ஓடு, வேணாங்கல. அந்தக் கம்பு மட்டும் வேணாம்.”

ஜெயசித்ரா பார்க்க வந்தது அந்த நாட்களில்தான். அவள் நீளம் தாண்டுகிறவள். மைதானத்தில் மணல் குழி அவளுடைய இடம். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நான் அங்கதான் நின்னேன். நீ விழுறதுக்கு முந்தின தாவல்லயும் உன் கால் உள்ளதான் மிதிச்சுச்சு. நல்லாத் தெரிஞ்சுது. அவ என்னமோ சரியா இருக்குன்னு விரலக் காட்டுறா.” இன்னொரு சுளையை நீட்டிக்கொண்டே, “ஸ்டேட் போட்டிக்கு ஒருத்திதான் போவ முடியும், இல்ல?” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் இரவும் பகலும் குப்புறப் படுத்துக் கிடக்கிறவளுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை ஏது? உயர்த்திய அந்தக் கட்டைவிரல் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மைதானத்துக்குத் திரும்பியபோது அவள் வினோதினியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். அதற்குப் பதில் சாரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். வினோதினி இரண்டு நாள் பார்த்தாள்.

“ஏன்டி, என்கிட்ட கேக்க மாட்டேங்குற?”

“சார் பாக்குறாருல்ல.”

“சாருக்குக் கால் தெரியாதுன்னு உனக்கே தெரியும்.”

முத்தமிழ் கம்பின் பிடியில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அதற்குப் பிறகு வினோதினியும் கேட்கவில்லை. ஒரே கம்பை ஒருத்தி வைக்க ஒருத்தி எடுத்தார்கள். பேச்சு மட்டும் நின்றுபோனது. முத்தமிழின் தாவல்களில் பாதி தாவலாகவே இல்லை. ஓடிவருவாள், பெட்டி நெருங்கும்போது கம்பை நழுவவிட்டு மெத்தையைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுவாள்.

தேர்வுப் போட்டி அந்த வருஷம் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து அரியலூரில் என்று அறிவித்தார்கள். முதலிடம் வருகிறவள் மட்டும் மாநிலப் போட்டிக்கு. அரியலூர் போகப் பஸ் உண்டு, ஆனால் அத்தனை நீளக் கம்பை எந்தக் கண்டக்டர் ஏற்றுவார்? முத்தமிழின் அப்பா சாமிதுரை வெங்காயம் ஏற்றிப்போகும் குட்டியானை வண்டியைத்தான் கடைசியில் எடுத்துக்கொண்டார்கள். மூட்டைகளை ஏற்றி, அதன்மேல் கம்பைக் கிடத்தி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி கட்டினார் சாமிதுரை.

“இது பாப்பாவுக்குக் கடைசிப் போட்டி. அவ அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லிட்டு வந்துருக்கேன்” என்று சாரிடம் சொன்னார். “ஜெயிச்சா?” என்றார் சார். சாமிதுரை கயிற்றை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டினார்.

சாரும் மற்ற பிள்ளைகளும் பஸ்ஸில் போனார்கள். கம்புக்குக் காவலாக இரண்டு பெண்களும் வண்டியில், முன் இருக்கையில். சிமென்ட் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது வெள்ளைத் தூசி கண்ணாடியில் அப்பியது. கம்பு லாரியில் உரசிவிடுமோ என்று ஒவ்வொரு வளைவிலும் இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். கண்கள் சந்தித்துக்கொண்டபோது இருவருமே ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் ஈரமாக இருந்தது. மண் ஓடுபாதை. மணல் தூவி உருளை ஓட்டியிருந்தார்கள். கம்போடு வந்திருந்த பெண்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். குறுக்குக்கம்பி ஏற ஏற ஒவ்வொருத்தியாக வெளியேறினார்கள். இரண்டு மீட்டர் அறுபதில் முத்தமிழ் முதல் முயற்சியில் தட்டிவிட்டு, அடுத்ததில் தாண்டினாள். வினோதினி எதையும் தட்டவில்லை. இரண்டு எழுபது முடிந்தபோது மிச்சம் இருந்தது இவர்கள் இருவர் மட்டும்.

இரண்டு எண்பதுக்கு ஏற்றினார்கள். ஒரு உயரத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் வெளியே. சார் அந்த நேரம் மைதானத்தின் அடுத்த கோடியில், தொடர் ஓட்டத்துக்குப் பெண்களை வரிசை கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியருகே முத்தமிழின் காலைப் பார்க்க ஆள் இல்லை.

முதல் முயற்சி. ஓடிவரும்போதே சரியில்லை என்று தெரிந்தது. கம்பு இறங்கிய நொடியில் தோளில் அதே வெட்டு. குறுக்குக்கம்பி வரை உடம்பு போகவே இல்லை. மெத்தையின் முன் ஓரத்தில் விழுந்து உருண்டாள். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

எழுந்தபோது பக்கவாட்டில் வினோதினி நின்றிருந்தாள். யாரும் கூப்பிடாமல் தானாக வந்து நின்றிருந்தாள்.

“ஒரு சாண் உள்ள மிதிக்கிற. பின்னாடி போ” என்றாள்.

முத்தமிழ் கம்பைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து போனாள். மனசு கணக்குப் போட்டது. இவள் சொல்வது நிஜமென்றால் தொடங்கும் இடத்தை ஒரு சாண் பின்னே தள்ள வேண்டும். பொய்யென்றால், பின்னே தள்ளினால் கால் வெளியே விழும், கம்புக்கு வேகம் போகாது, அதுவும் தோல்விதான். மாநிலப் போட்டிக்கு ஒருத்திதான். ஜெயசித்ராவின் தாழ்ந்த குரல் காதுக்குள் கேட்டது.

வினோதினியின் முதல் முயற்சியில் முட்டி பட்டுக் குறுக்குக்கம்பி விழுந்தது. மெத்தையிலிருந்து இறங்கியதும் பழக்கத்தில் இவளைப் பார்த்துக் கேட்டாள்.

“கால் எப்படிடி?”

“பாக்கல” என்றாள் முத்தமிழ். நிஜமாகவே பார்த்திருக்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

இரண்டாவது முயற்சிக்கு அவள் தன் அடையாளத்தை நகர்த்தவில்லை. அதே இடத்திலிருந்து, இன்னும் வேகமாக ஓடினால் சரியாகிவிடும் என்று ஓடினாள். சரியாகவில்லை. கம்பு அவளைப் பக்கவாட்டில் எறிந்தது. மெத்தையின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, மண்ணில் கை ஊன்றி விழுந்தாள். முதுகில் பழைய இடத்தில் சுரீரென்றது. ஒரு கணம் மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் நின்றிருந்த சாமிதுரை அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். ஒரு நடுவர் அவரைத் தடுத்து நிறுத்தினார்.

“பாப்பா, போதும். எந்திரிச்சு வா.”

“ஒன்னும் இல்லப்பா. நீங்க போங்க.”

“உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“இன்னும் ஒன்னுதாம்ப்பா இருக்கு.”

அவர் போகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார். முத்தமிழ் பெட்டிக்கு நேரே, பாதை ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் வினோதினியின் இரண்டாவது தாவலை அவள் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே வந்து விழுந்தது அந்தக் கால். அரை அடி வெளியே. களைத்துப்போய் அடிகள் குறுகிவிட்டன. மேலே போனவள் கம்பு முழுசாக நிமிராமல், குறுக்குக்கம்பியின் மேலேயே வந்து உட்கார்ந்தாள். மறுபடி சிவப்புக் கொடி.

இருவருக்கும் ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். முத்தமிழ் பாதையைக் குனிந்து பார்த்தாள். தன் ஆணிச் செருப்பின் தடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் காலையிலிருந்து ஓடிய அத்தனை பெண்களின் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. தன்னுடையது எது என்று சொல்ல முடியவில்லை.

வினோதினி கம்பைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

“பின்னாடி போவியா மாட்டியா?”

முத்தமிழ் அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வாரமாகக் கேட்காமல் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

“ஆகஸ்ட்ல சரியா இருக்குன்னு சொன்னியே. ஏன் சொன்ன?”

“சரியா இருந்துச்சு, அதான் சொன்னேன். அடுத்த தாவல்ல நீ கடைசி அடிய நீட்டிட்ட. நீ ஓடி வந்துக்கிட்டு இருக்கறப்ப நான் என்னத்தச் சொல்ல முடியும்?” வினோதினிக்கு மெல்லத்தான் புரிந்தது. “இதுக்குத்தானா என்கிட்ட பேசல?”

“ஜெயசித்ரா பாத்தேன்னு சொன்னா.”

“அவ மணல் குழிகிட்ட, நமக்குப் பின்னாடி கோணல்ல நின்னா. அங்கேருந்து பாத்தா எல்லார் காலும் உள்ளதான் தெரியும். அத நீயே நின்னு பாத்திருக்கலாம்ல.” அவள் குரலில் கோபத்தைவிட ஆயாசம்தான் இருந்தது. “நம்புனா நம்பு. இல்லன்னா அங்கேயே நின்னு ஓடு. எனக்கு என்ன.”

நடுவர் முத்தமிழின் பெயரைச் சொல்லி அழைத்தார். தாவுவதற்குக் கொடுத்த நேரம் ஓடத் தொடங்கியது.

மணல் குழியிலிருந்து பார்த்தால் எல்லார் காலும் உள்ளேதான் தெரியுமா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பெரம்பலூருக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வர நேரமில்லை. முத்தமிழ் ஓட்டம் தொடங்கும் இடத்தில் நின்றாள். மஞ்சள் கொடி உயர்ந்தது. நேரம் முடியப் போகிறது. குனிந்து, அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய செருப்பை எடுத்து, கையை விரித்து ஒரு சாண் அளந்து பின்னே வைத்தாள். யோசித்து வைத்தாள் என்று சொல்ல முடியாது. மூன்று வருஷமாக அந்தக் குரல் சொன்னதும் நகர்ந்து பழகிய கை அது.

ஓடினாள். பெட்டி நெருங்கியது. கம்பை விட்டுவிடு என்றது பயம். விடவில்லை. நுனி பெட்டியில் இறங்கியபோது எதிர்பார்த்த வெட்டு வரவில்லை. கம்பு வழிவிட்டு வளைந்தது. காலை மேலே எறிந்தாள். வானமும் மெத்தையும் இடம் மாறின. குறுக்குக்கம்பி வயிற்றுக்குக் கீழே, கைக்கு எட்டாத தூரத்தில் நின்றது. விழுந்து, மல்லாந்து, அது அசையாமல் இருப்பதைப் பார்த்தபிறகுதான் மூச்சு விட்டாள். வெள்ளைக் கொடி.

இறங்கி வந்தவளிடம் வினோதினி கம்பை வாங்கிக்கொண்டாள். அவள் முகம் வெளிறியிருந்தது. இப்போது அவளுக்குத்தான் கடைசி வாய்ப்பு. இதில் தவறினால் முத்தமிழ் ஜெயித்தாகிவிட்டது.

“முந்தின தாவல்ல என் கால் பாத்தியா?” என்று கேட்டாள்.

பாக்கல என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சற்று முன்பு அதே வார்த்தையைச் சொன்னபோது அது உண்மை. இப்போது சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை, வினோதினிக்குக்கூடத் தெரியாது. கயிற்றருகே அப்பா நின்றிருந்தார். மாநிலப் போட்டி என்றால் அம்மாவிடமும் பேசிப் பார்க்கலாம். இது எல்லாம் முத்தமிழின் மனசில் ஓடியது, ஓடவில்லை என்று அவளே பிற்பாடு சொன்னதில்லை. வாய் திறக்கத் தாமதமானது. அந்தத் தாமதத்தை வினோதினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளிய மிதிக்கிற” என்றாள் முத்தமிழ். “அரை அடி. முன்னாடி வா.”

வினோதினி மறுபேச்சு பேசவில்லை. விறுவிறுவென்று நடந்து போய் அடையாளத்தை அரை அடி முன்னே நகர்த்தினாள். முத்தமிழ் பெட்டிக்குப் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டாள். கால் சரியான இடத்தில் விழுவதைப் பார்த்தபோதே மேலே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணாந்து பார்க்கவில்லை. கூட்டத்தில் எழுந்த சத்தத்தில் தெரிந்துகொண்டாள்.

தொடர் ஓட்டம் முடிந்து மூச்சிரைக்க வந்த சார் கணக்கைப் பார்த்துவிட்டு முத்தமிழைத் தனியே கூப்பிட்டார். “ரெண்டு பேரும் சமம். ஆனா அறுபதுல நீ ஒன்னு தட்டிருக்க. அவ தட்டல. இப்படியே நின்னா அவதான் ஃபர்ஸ்ட். தொண்ணூறு நீ தாண்டியே ஆகணும், முத்து.”

இரண்டு தொண்ணூறை இருவருமே அதுவரை தாண்டியதில்லை. முத்தமிழ் கம்பில் பிடியை ஒரு பிடி மேலே ஏற்றினாள். உயரம் வேண்டுமென்றால் அதுதான் வழி. ஏற்றினால் கம்பு நிமிர அதிக வேகம் வேண்டும். வேகம் போதாவிட்டால், ஆகஸ்டில் நடந்ததுதான் மறுபடி நடக்கும். முதல் முயற்சியில் அதுவே நடக்கப் பார்த்தது. கம்பு பாதி நிமிர்ந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே பெட்டி தெரிந்தது. கையை விடாமல் இறுக்கிப் பிடித்தபடியே வந்த வழியில் சரிந்து, காலூன்றி இறங்கினாள்.

“கால் சரியா இருக்கு” என்று வினோதினி பெட்டியருகிலிருந்து சொன்னாள். “பிடி மட்டும் கொஞ்சம் எறக்கு. இவ்ளோ வேணாம்.”

முத்தமிழ் அரைப் பிடி இறக்கினாள். இரண்டாவதில் மார்பு பட்டுக் குறுக்குக்கம்பி விழுந்தது. மூன்றாவது அவள் அதுவரை தாவியதிலேயே நல்ல தாவல். இடுப்பு தாண்டியது, மார்பு தாண்டியது. கையை இழுக்கும்போது முழங்கை லேசாக உரசியது. மெத்தையில் மல்லாந்து கிடந்தவளின் கண்ணெதிரே குறுக்குக்கம்பி தாங்கியின்மேல் தத்தளித்தது. நின்றுவிடும் போலிருந்தது. பிறகு ஒரு பக்கம் நழுவி, அவள் காலடியில் வந்து விழுந்தது.

வினோதினியும் தொண்ணூறைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

முத்தமிழ் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் கழுவினாள். திரும்பி வந்தபோது அப்பாவும் வினோதினியும் கம்பை வண்டியில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். வெங்காய மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டுப் பெரம்பலூர் ரோட்டைப் பிடித்த பிறகு சாமிதுரை கேட்டார்.

“இந்தப் புள்ள கடைசியா தாண்டுறதுக்கு முன்னாடி உன்கிட்ட வந்து கேட்டுச்சே. என்ன கேட்டுச்சு?”

வினோதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முத்தமிழ்தான் பதில் சொன்னாள்.

“கால் எங்க மிதிச்சேன்னு கேட்டா. சொன்னேன்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

“தாண்டிருக்க மாட்டா.”

சாமிதுரை எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டார். பிறகு, “ரெண்டு பேரும் மத்தியானம் ஒன்னும் திங்கலல்ல?” என்று கேட்டு, முதலில் வந்த ஓட்டலில் வண்டியை நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலை முத்தமிழ் வழக்கம்போல் விடிவதற்கு முன் எழுந்து சூவை மாட்டினாள்.

“அதான் போட்டி முடிஞ்சு போச்சே” என்றாள் மலர்கொடி.

“எனக்குத்தாம்மா முடிஞ்சுது. அவளுக்கு முடியல. கால் பாக்க ஆள் வேணும்.”

மலர்கொடி புருஷனைப் பார்த்தாள். சாமிதுரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர், “பாக்கத்தானே போவுது” என்றார். பார்க்க மட்டும் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும், மலர்கொடிக்கும் தெரியும். ஒருத்தி தாவ ஒருத்தி நிற்க, மாநிலப் போட்டி வரை அந்த மைதானத்தில் இருவரும்தான் தாவினார்கள். ஜெயசித்ராவிடம் முத்தமிழ் சண்டைக்குப் போகவில்லை. ஒருநாள் மணல் குழியருகே போய் நின்று வினோதினியின் ஒரு தாவலைப் பார்த்தாள். அவள் சுத்தமாகத் தாண்டிய அந்தத் தாவலிலும் கால் உள்ளேதான் தெரிந்தது. திரும்பி வந்தாள்.

வினோதினி மாநிலப் போட்டிக்குக் கிளம்பிப் போனபோது நல்ல கம்பும் அவளோடு போனது. முத்தமிழுக்கு மிச்சம் இருந்தது பழைய மூங்கில்தான். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குத் துணி எடுக்க வந்த மலர்கொடி, மகளை அழைத்துப்போக மைதானத்துக்கு வந்தாள். பாதை ஓரத்தில் பையோடு நின்றவளை முத்தமிழ் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெட்டிக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, பாதையின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

“இங்கேருந்து அசையாதம்மா. மேல பாக்காத. என் கால மட்டும் பாரு. இந்தக் கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு சொல்லு.”

தாவிவிட்டு மெத்தையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள். “எங்க மிதிச்சேன்மா?”

“எனக்கு என்னடி தெரியும்? நான் கண்ண மூடிக்கிட்டேன்” என்றாள் மலர்கொடி.

முத்தமிழ் சிரிக்கவில்லை. மறுபடி போய் நின்று ஓடிவந்தாள். மலர்கொடி இந்த முறை பையை மார்போடு இறுக்கிக்கொண்டு, கண்ணை அகல விரித்துத் தரையையே பார்த்தாள். கம்பு டொக்கென்று இறங்கிய சத்தத்தில் உடம்பு ஒருமுறை உதறியது. ஆனால் தலையைத் தூக்கவில்லை.

“கோட்டு மேலயே மிதிச்ச” என்றாள். “சரியா கோட்டு மேல.”

அன்று மாலை வினோதினி போன் செய்தாள். தொண்ணூறைத் தாண்டிவிட்டாள், நாலாவது இடம், மெடல் இல்லை. “மூணாவதா வந்தவளுக்கும் எனக்கும் ஒரே உயரம்டி” என்றாள். “அங்க பக்கத்துல நின்னு கால் பாத்துச் சொல்ல ஆளே இல்ல.”

“எந்தப் பக்கம் மிதிச்சன்னு நெனைக்கிற?” என்று முத்தமிழ் கேட்டாள். இருவரும் அதைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.